சுண்டங்காய் அளவு

விடிவெள்ளி ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. முருகேசு மாட்டுக்கொட்டிலின் பின்னாலிருந்து எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தான். வயிற்றோட்டம் நிற்கவில்லை.

புத்தூரில் அவனுடைய தோட்டக் கிணறு நாலு வீட்டுக்குப் பொது. இன்றைக்கு இறைப்பு அவனுடைய முறை. தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை புகையிலைக் கன்றுகள் தாங்கா. மாசி வெயிலில் தோட்டத் தறை வெடித்துக் கிடந்தது.

போன முறை அவன் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தபோது வயிறு கலக்கியது. இறங்கிப் பனை வடலிக்குள் ஓடினான். வந்து ஏறினான். மறுபடியும் ஓடினான். கிணற்றடியில் கயிறு பிடித்து நின்ற ஏரம்பு, அவன் பெண்சாதியின் தமையன், அதைச் சுருட்டுக் கொட்டிலில் போய்ச் சொல்லிவிட்டான்.

"என்ரை மச்சான் புகையிலைக்கு இறைச்சதிலும் பாக்க வடலிக்கு இறைச்சதுதான் கூட."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவன் உடுப்பிட்டிப் பரியாரியாரிடம் போனான். அவர் நாடி பார்த்தார். ஒரு சிமிழில் லேகியம் கொடுத்தார். கஞ்சா சேர்ந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

"சுண்டங்காய் அளவு. படுக்கப்போகேக்கை. திண்டிட்டு எழும்பித் திரியக்கூடாது."

மிச்சத்தை அவர் சொன்னபோது முருகேசு அவருடைய வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தான். கூட வந்த பெண்சாதி பராசக்திதான் நின்று கேட்டாள்.

நேற்றிரவு வயிறு அடங்கியிருந்ததால் அவன் சிமிழைத் தொடவில்லை. இப்போது தொட்டான். பராசக்தி மண்வெட்டியும் லாம்புமாக முன்னமே தோட்டத்துக்குப் போய்விட்டாள். சுண்டங்காய் அளவு உருட்டி வாயில் போட்டான். நெய்யும் பனங்கட்டியும் இனித்தன. அடியில் ஒரு பச்சைக் கசப்பு இருந்தது.

ஒரு சுருட்டுப் பிடித்து முடித்தான். ஒன்றும் தெரியவில்லை. வயிறு மறுபடியும் முறுக்கியது. வேலிப் படலைக்கு வெளியே ஏரம்புவின் குரல் கேட்டது.

"மச்சான், வெளிக்கிட்டாச்சோ? இண்டைக்குத் துலாவிலையோ, வடலியிலையோ?"

முருகேசு விரலால் இன்னொரு தரம் வழித்தான். இந்த முறை சுண்டங்காய் இல்லை. ஒரு நெல்லிக்காய் இருக்கும். விழுங்கிவிட்டுப் போனான்.

துலா அவனுக்குப் புதிதல்ல. அதன் நீள மரத்தில் வெட்டியிருந்த படிகளை அவனுடைய உள்ளங்கால் அறியும். கிணற்றுப் பக்கத்திலிருந்து வால் பக்கம் நடந்தால் ஓலைப் பட்டை நிறைந்து மேலே வரும். திரும்பி நடந்தால் பட்டை கீழே போகும். கிணற்று வாயில் குறுக்கே போட்ட பலகையில் நின்று ஏரம்பு பட்டையைக் கவிழ்ப்பான். தண்ணீர் வாய்க்காலில் ஓடும். தறையின் கடைசி அந்தலையில் பராசக்தி ஒவ்வொரு பாத்தியாகத் திறந்துவிடுவாள்.

வயிறு அடங்கியது. உண்மையாகவே அடங்கியது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொழுது புலர்ந்து, வடலிகளின் மேலே வெயில் வந்தது.

"என்ன மச்சான், வடலி தேடப்போகுது உன்னை" என்றான் ஏரம்பு.

"தேடட்டும்."

முதலில் வாய் காய்ந்தது. எச்சில் கூட்டிப் பார்த்தான், கூடவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. துலா தன்னைத் தாங்கும் ஆடுகாலில் உரசுகிறது என்று நினைத்தான். கொஞ்சம் பொறுத்துத்தான் அது தன் நெஞ்சு என்று தெரிந்தது. ஓடிவந்தவனுக்கு அடிப்பதுபோல அடித்தது. அவன் ஓடவில்லை.

ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் கீழே வரவில்லை. தூக்கியபடியே நெடுநேரம் நின்றதுபோல இருந்தது. கீழே வந்தபோது மரம் அங்கே இருந்தது. அதற்காக அவனுக்கு அழுகை வந்தது.

பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வெயில் இருந்தது, காகம் கத்தியது, ஏரம்பு ஏதோ பாடினான். ஆனால் உடம்பு முழுக்கப் பயம். கால் வைத்த மரம் ஒடுங்கிக்கொண்டு போனது. இப்போது வால் பக்கம் போகிறேனா, கிணற்றுப் பக்கம் வருகிறேனா? அது தெரியவில்லை. துலாவில் நிற்கிறவனுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

அவன் குந்தினான். பிறகு குப்புறப் படுத்து மரத்தைக் கட்டிப்பிடித்தான்.

"என்ன மச்சான், நித்திரையோ?" என்றான் ஏரம்பு. "வடலியெண்டால் வாயைத் திறந்து சொல்லு. கயிறைப் பிடிக்கிறன்."

முருகேசு கன்னத்தை மரத்தோடு அழுத்தினான்.

"முருகேசு! டேய்!"

வாலுக்குப் பாதி வழியில் அவன் கிடந்தான். நிறைந்த பட்டை கிணற்று வாய்க்குக் கீழே, ஏரம்புவின் கைக்கு எட்டாமல் தொங்கியது. ஏரம்பு கயிற்றை இழுத்துப் பிடித்திருந்ததால்தான் பாரம் சமனாக நின்றது. அவன் விட்டால் முன்பக்கம் விழும், வால் எழும்பி முருகேசுவை எறிந்துவிடும். முருகேசு வழுக்கினால் பாரம் முழுக்க ஏரம்புவின் கைக்கு வரும். பலகையில் நிற்கிறவன் கயிற்றோடு கிணற்றுக்குள் போவான். உள்ளே முழுவதும் வெட்டின கல்.

இது முருகேசுவுக்கு மிகத் தெளிவாக விளங்கியது. விளங்கியதுதான் பெரிய பயம். தலை விளங்கிக்கொண்டது. கையும் காலும் வேறு யாருடையவோபோலக் கிடந்தன.

வாய்க்காலில் தண்ணீர் நின்றதைக் கண்டு பராசக்தி ஓடிவந்தாள். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். கண் சிவந்து, வாய் திறந்திருந்தது.

"அண்ணை, கயிறை விட்டிடாதேங்கோ" என்றாள் முதலில். பிறகு, "இஞ்சாருங்கோ, லேகியம் திண்டனீங்களோ?"

ஓம் என்று அவன் சொன்னான். சொன்னதாக நினைத்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

"இஞ்சை பாருங்கோ. என்னைப் பாருங்கோ. கிணத்தைப் பாராதேங்கோ."

அவள் குரல் எங்கோ ஒழுங்கைக்கு அப்பாலிருந்து வருவதுபோல இருந்தது. அந்தக் குரலிடம் போய்விடலாம் என்று தோன்றியது. குதித்தால் போதும். அவன் ஒரு கையை எடுத்தான்.

துலா நடுங்கியது. பலகையில் ஏரம்புவின் கால் வழுக்கியது.

"ஐயோ! ஆடாதை! ஆடாதையடா மச்சான், உன்னைக் கும்பிட்டன்!"

அந்தக் குரலில் பகிடி இல்லை. ஏரம்பு அழுவதை முருகேசு அதுவரை கேட்டதில்லை. எடுத்த கையைத் திரும்பவும் மரத்தில் வைத்தான். வைத்துவிட்டோமா என்று அவனுக்கு நிச்சயமில்லை. பார்த்தான். கை அங்கே இருந்தது. மறுபடியும் பார்த்தான்.

"தங்கச்சி, கை விறைக்குது" என்றான் ஏரம்பு. "கனநேரம் ஏலாது."

பராசக்தி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். ஓலைப் பட்டை, தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. பூவரசில் ஆட்டுக்குக் குழை அறுக்கும், நுனியில் கத்தி கட்டிய கொக்கத்தடி சாத்தியிருந்தது. அவள் அதை எடுத்து வந்து கிணற்றுக் கட்டில் குப்புறப் படுத்தாள்.

"என்னடி செய்யப்போறாய்?"

"பட்டையைக் கிழிக்கப்போறன். தண்ணி போனால் வால் தானாப் பதியும். நீங்கள் கயிறை மெல்ல மெல்லக் குடுங்கோ."

"புதுப் பட்டையடி!"

"மனிசனைப் புதுசா எங்கை எடுக்கிறது?"

கத்தி ஓலையில் வழுக்கியது. இரண்டாம் தரம் கொழுவியது. அவள் இழுத்தாள்.

தண்ணீர் கிணற்றுக்குள் கொட்டும் சத்தம் முருகேசுவுக்குக் கேட்டது. அவன் கிடந்த மரம் அசைந்தது. தலைப் பக்கம் கீழே போகத் தொடங்கியது. தலைப் பக்கத்தில்தான் கிணறு இருக்கிறது என்று அவன் நம்பினான். சத்தமும் அங்கிருந்து வருவதுபோலத்தான் கேட்டது. கிணற்றுக்குள் போகிறேன், இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை இறக்குகிறார்கள் என்று நினைத்தான். அவன் கத்தினான். மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது, அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முதுகில் ஒரு கை பட்டது. பராசக்தி துலாவின் வால் பக்கம் ஓடிவந்து அவனைக் கட்டிப் பிடித்திருந்தாள். இருவரும் மண்ணில் புரண்டார்கள். மண் ஈரமாக இருந்தது.

"துலாவை விட்டாச்சோ?" என்று ஏரம்பு கேட்டான்.

"ஓம், கயிறை விடுங்கோ."

கயிறு போன சத்தம் கேட்டது. ஏரம்பு பலகையை விட்டு இறங்கி வந்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. முருகேசுவைப் பூவரசின் கீழே தூக்கிக் கிடத்தினார்கள். பராசக்தி அவன் நெஞ்சில் கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். அவள் எடுத்த விதத்தை அவன் கண்டான்.

"சாகப்போறன் என்ன?" என்றான்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போவமோ?" என்றான் ஏரம்பு. "வண்டில் கட்டட்டோ?"

"அங்கை என்னெண்டு சொல்லுறது?"

"திண்டதைச் சொல்லுறது. வெக்கத்தைப் பாத்தால் ஆளில்லை."

பராசக்தி முருகேசுவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு திண்டனீங்கள்?"

அவன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இடையில் சின்ன இடைவெளி காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் விரல்களை அகட்டினான்.

"முதல் அது. பிறகு இது."

"எப்ப முதல்? எப்ப பிறகு?"

"எழும்பின உடனை. ஒண்டும் தெரியேல்லை. பிறகு மச்சான் கூப்பிட."

பராசக்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் சொன்னவர்" என்றாள் மெல்ல. "திண்டது உடனை தெரியாது, ஏற நேரம் எடுக்கும். தெரியேல்லையெண்டு மேலாலை திண்டிடக் கூடாது எண்டவர். நீங்கள் வேலிக்குப் பின்னாலை நிண்டனீங்கள். வந்தாப்போலை சொல்லவேணும் எண்டு நினைச்சனான்."

"சொன்னனியோ?"

"எனக்கு நினைவில்லை."

ஏரம்பு வண்டில் கட்ட ஓடினான். அவன் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவன் படலையைத் தாண்டிய பிறகும் கேட்டது. முருகேசு கண்ணை மூடினான். மூடினால் துலா இருந்தது. திறந்தான். பூவரசின் இலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தன. நெஞ்சு இன்னும் வேகமெடுத்தது. அவன் பராசக்தியின் கையைத் தேடிப் பிடித்தான்.

"பராசத்தி, இப்ப ஏறியிருக்கிறது முதல் திண்டதோ, பிறகு திண்டதோ?"