பித்தம் சேர்கிற பை

என் வீட்டுக்காரர் அமலதாசுக்கு மூக்குக்கு மேல் கோபம். வந்தால்கூடப் பரவாயில்லை, வந்தது போகாது, அதுதான் வம்பு. ஒரே மகள் சகாய பிரியாவைக் கன்னியர் மடத்துக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். அவளோ பயிற்சிக் காலத்திலேயே வெளியே வந்து, திண்டிவனத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. பேரன் பிறந்தும் பேச்சில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

பித்தப்பையில் கல் என்று விழுப்புரத்தில் இவருக்கு ஆபரேஷன் ஆனது. வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளை போட்டே பையை எடுத்துவிட்டார்கள். மறுநாளே எழுந்து நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வலி இல்லை, வாந்தி இல்லை. கல் இருந்தவரை ஆகாமலிருந்த மல்லாட்டைச் சட்னியை, அதான் வேர்க்கடலைச் சட்னியைக்கூடத் தொட்டுக்கொண்டார். எனக்கு வேறொரு ஆசை. பித்தம் தலைக்கேறினால்தானே கோபம்? பையே போய்விட்டதே.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மா, "ஆபரேஷன்ல உங்களுக்குத் திருப்திதானே?" என்று கேட்டார்.

"ரொம்பத் திருப்திங்க. கத்தி பட்ட மாதிரியே தெரியல" என்றார் இவர்.

நான் விடவில்லை. "இனிமே இவருக்குக் கோவம் வராதுங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பித்தம் ஈரல்லதாம்மா சுரக்குது. அது சுரந்துகிட்டேதான் இருக்கும். சேர்த்து வைக்கிற பையைத்தான் எடுத்திருக்கோம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவர் என்னை முறைத்துக்கொண்டே பஸ் ஏறினார். பாதி வழியில், "பை இல்லன்னா பித்தம் எங்க போவும்?" என்றார்.

"தங்காதாம். வந்த வேகத்துலியே போயிடுமாம்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் பிரியா குழந்தையோடு அப்பாவைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே தயங்கி நின்றாள். இவர் எழுந்தார். சரி, வெளியேதான் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொழந்த தலைல ஒரு துணிகூடப் போடாம இந்த வெயில்ல தூக்கிக்கினு வந்துகிறியே, அறிவு இருக்குதா உனக்கு?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இத்தனை வருஷத்தில் அப்பா அவளிடம் பேசிய முதல் பேச்சு. பிரியா அழுதுகொண்டே குழந்தையை நீட்டினாள். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா வேடிக்க பாத்துக்கினுகிற? ஜல்தியா புள்ளைக்கு சோறு போடு."

சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினார்.