மூன்றாவது பேட்ச்

ஆயிரம் லிட்டர் தொட்டியின் மூடியைத் திறந்ததுமே சுடர்விழிக்குத் தெரிந்துவிட்டது. மண்வாசனை வரவேண்டிய இடத்தில் பழங்கஞ்சி வாடை மூக்கில் அறைந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. கையுறையைக் கழற்றி நாலாக மடித்து வைத்தாள். குப்பையில் போடுகிற உறையை யாராவது மடிப்பார்களா?

கீரனூருக்குப் பக்கத்தில் அவள் நடத்துவது சின்னக் கம்பெனி. கடலை விதையோடு கலந்து விதைக்கிற நுண்ணுயிர்த் திரவம் தயாரிக்கிறாள். நாலு வருஷமாகப் பத்து லிட்டர் குடுவையில்தான் வளர்த்தாள். கறம்பக்குடிப் பக்கத்துக் கடலைக்காரர்கள் நல்ல பேர் சொன்னார்கள். பத்தில் வளர்வது ஆயிரத்திலும் வளருமா என்று அரசாங்கம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் தொட்டியையும் கொடுத்தது. அடுத்தடுத்து மூன்று பேட்ச் சுத்தமாக வந்தால் தொட்டி அவளுக்கு. வராவிட்டால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இரண்டு தேறிவிட்டது. இது மூன்றாவது.

தொட்டி கழுவுகிற மீனம்மாள் முதல் நாளிலிருந்து கூட இருப்பவள். இந்த பேட்ச்சைப் போட்ட வெள்ளிக்கிழமை ஏதாவது நடந்ததா என்று அவளிடம் கேட்டாள். கெட்டுப்போன சேதியைக் கேட்டு மீனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஆறுதலாகச் சொன்னாள்:

"நல்லவேள தாயி, நீ போன் பேசப் போனப்ப மூடியத் தொறந்து எங்க ஆத்தா கோயில் தீர்த்தத்த ஒரு கை ஊத்திவிட்டேன். இல்லேன்னா இன்னும் என்னாயிருக்குமோ."

நீராவி விட்டு, ஒரு கிருமி மிச்சமில்லாமல் கொன்று ஆறவைத்த தொட்டி. அதில் வேப்பிலையும் மஞ்சளும் ஊறிய தண்ணீர். இந்த மூன்றாவது பேட்ச் தேற வேண்டுமென்று அந்த மகராசி பட்டினி கிடந்து, நார்த்தாமலைக்கு அங்கிட்டு இருக்கும் தன் ஊருக்குப் போய் வாங்கி வந்தது. திட்ட வேண்டும் என்று சுடர்விழிக்குத் தோன்றியது.

தொட்டி கொடுத்த அரசாங்கத் திட்டத்தின் அதிகாரி ரஞ்சிதாவுக்குப் போன் செய்தாள். நல்ல பெண்தான், வழியும் சொன்னாள். காரணம் தெரியாது என்று எழுதினால் செய்முறையே சரியில்லை என்று மூடிவிடுவார்கள். ஆள் செய்த தவறு என்றால், அந்த ஆளை நீக்கிவிட்டு இன்னொரு பேட்ச் போட விதியில் இடமுண்டு.

"பேரை எழுதி, அவங்ககிட்டயே ஒரு சைன் வாங்கி அனுப்பிருங்க மேடம்."

தன் பெயரையே எழுதிவிடலாமா என்று சுடர்விழி யோசித்தாள். அந்த யோசனை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நிற்கவில்லையே என்பது லேசாக உறைத்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. மீனம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுடர்விழி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதி, புள்ளியும் வைத்தாள்.

"நாளையிலேருந்து வர வேணாங்க்கா."

"லீவு விட்டாச்சா?" மீனம்மாளின் முகம் மலர்ந்தது. "அதுவும் நல்லதுக்குத்தான் தாயி. நாளைக்குச் செவ்வாக்கெழம. அடுத்த பேட்ச்சுக்கு ஆத்தாட்ட சொல்லிட்டு, தீர்த்தம் வாங்கியாரேன்."

சுடர்விழி சரி என்று தலையாட்டினாள்.