எதிர்க்கடை மூக்கு

"ஐயோ தூசுர், தேனை இப்ப ஊத்தாத!" ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹபு கத்தினான்.

நைஜீரியாவின் மகுர்டி ஊரில் என் பன்றிக்கறிக் கடைக்கு நேர் எதிரே, மாட்டுக்கறியைக் கம்பியில் குத்தி சுயா சுடுகிறவன் அவன். வேர்க்கடலை, இஞ்சி, காய்ந்த மிளகாய் இடித்த யாஜித் தூளை நான் அவனிடம்தான் வாங்குகிறேன். ஆனால் அவன் முஸ்லிம், பன்றிக்கறியை வாயில் வைத்ததே இல்லை. வைக்கவும் மாட்டான். நான் அடுப்பு மூட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"உன் வேலையப் பாருடா! இந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்ட, உனக்கென்ன தெரியும்?"

"கண்ணத் திருப்பிக்கலாம், மூக்கக் கழட்டி எங்க வைக்கிறது? நீ தூவின யாஜிக் கடலை கருகுது தாயே!"

கேட்காமல் ஊற்றினேன். தேன் கருத்துப் புகைந்தது. தட்டு முழுக்கக் கசப்பு. நாலு மணிக்கு இவெரென் ஆன்ட்டி ருசி பார்க்க வருகிறார். சனிக்கிழமை அவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக்கு முன்னால் சுற்றுகிற தட்டில் என் கறி இருக்குமா என்பது அவர் கையில். எனக்கு வரவிருந்த முதல் கல்யாண ஆர்டர்! மணி மூன்றரை.

"ஹபு! இப்ப என்னடா பண்ணுவேன்?"

அவன் சிரிக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, ஒரு கையைத் தூக்கினான். நடுவில் ஆட்டோக்கள் அலறிக்கொண்டு போயின.

"வெறும் கறியச் சுடு. ஆரஞ்சுச் சாறு தனியாச் சுண்டட்டும்... இரு... இன்னும் பச்ச வாசன அடிக்குது... இப்ப நெருப்ப இழு! தேன ஊத்து, கறியப் போட்டுப் பிரட்டு! யாஜி கடைசியில, மேலாப்புல!"

துண்டுகள் பளபளவென்று செம்மண் நிறத்தில் மின்னின.

ஆன்ட்டி ஒன்று தின்றார். இரண்டாவது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார்.

"யாரு பக்குவம்டி இது?"

எதிரே காட்டினேன்.

"சுயாக்காரனா? அவன் இதத் தொடவே மாட்டானே!"

"தொடல ஆன்ட்டி. அங்க நின்னே சொன்னான்."

ஆன்ட்டி அவன் முதுகைப் பார்த்தார். "அறுநூறு பேருக்குப் போட்டுரு. அன்னைக்கு அவனையும் ரோட்டுக்கு அந்தப் பக்கமா நிக்க வச்சிரு."

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தின்னாத ருசியை, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒருவன் இவ்வளவு துல்லியமாக எப்படிப் பிடிக்கிறான்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்களேன்?