கம்ப்யூட்டருக்கு எல்லைக்கல்

எனக்கு வரவேண்டியது நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் எழுபத்தைந்து பைசா. நடை ஒன்றுக்கு ஆறே கால் ரூபாய், மொத்தம் இருபத்து மூன்று நடை. சந்தேகம் உள்ளவர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். நான் நாலு தடவை பெருக்கிவிட்டேன்.

இழுத்தது காய்கறி மூடை இல்லை, கம்ப்யூட்டர். எண்பத்தொன்பதாம் வருஷம். பாவூர்சத்திரத்தில் கமிஷன் கடை வைத்திருந்த பால்வண்ணநாதனும் அவர் தம்பி ஆதித்தனும் கூட்டுப் பணத்தில் வாங்கியது. அண்ணன் வீடு தென்காசியில். தம்பி குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். கோயில் முறை மாதிரி, கம்ப்யூட்டர் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. டிவி மாதிரி ஒரு பெட்டி, தட்டையாக ஒரு பெட்டி. வைக்கோல் பரப்பி, ஜமுக்காளத்தில் சுற்றி, என் கைவண்டியில் வைத்து இழுப்பேன். தக்காளிகூட அந்த ரோட்டில் அவ்வளவு சொகுசாகப் போனதில்லை.

கூலி கேட்டால்தான் வில்லங்கம். "அவன் வீட்டுக்குத்தானலே கொண்டு போற, அவங்கிட்ட வாங்கு" என்பார் அண்ணன். "எடுத்துட்டுப் போகச் சொன்னது அவரு. அவருதான் குடுக்கணும்" என்பார் தம்பி. பொதுச் செலவு என்பதால் என் நடைக் கணக்கைக் கடைப் பேரேட்டில் ஏற்றவில்லை. கம்ப்யூட்டருக்குள்தான் எழுதி வைத்திருந்தார்கள். பத்திரமாக இருக்கிறது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

ஆனி பிறந்தது. சாரல் எங்கள் கூரையைத் தாண்டி நேராக அடுப்பில் இறங்கியது.

"கூரைக்கு ரெண்டு தகரம் வாங்க வக்கில்ல, கம்ப்யூட்டருக்கு ஜமுக்காளம் சுத்துதீரோ?" என்றாள் என் வீட்டுக்காரி முப்பிடாதியம்மாள்.

அப்போதுதான் பங்காளிச் சண்டை பெட்டிக்குள்ளேயே புகுந்தது. அந்தத் தட்டைப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒன்று உண்டு. எழுதியதெல்லாம் அதில்தான் தங்கும். நாற்பது மூடை கொள்ளும் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர்கள் குறுக்கே தடுப்பு வைத்து முப்பத்திரண்டு, எட்டு என்று இரண்டாக்கிக் கொடுத்திருந்தார்கள். பெரிய அறையில் அண்ணன், சின்ன அறையில் தம்பி. ஐந்து மாதம் கழித்து இது தம்பிக்குத் தெரிந்தது. சரிபாதி இல்லாமல் ஆகாது என்று நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணன் வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து வாஞ்சிநாதன் என்ற மெக்கானிக் வந்தார். தம்பியும் வந்திருந்தார். வாசலில் நின்ற என் கைவண்டியைப் பார்த்தார்.

"இதுலயா அண்ணாச்சி ஹார்டு டிஸ்கைக் கொண்டு போறீங்க? எத்தன தடவ?"

"இருபத்து மூணு."

"இன்னும் ஓடுதுன்னா அது குற்றாலநாதர் புண்ணியம்."

உள்ளே அண்ணன் கேட்டார்: "நடுவுல இருக்க வரப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி நட முடியாதா?"

"முடியாது சார். மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாத்தான் பிரிக்கணும். பிளாப்பித் தட்டுல காப்பி எடுத்து வச்சிருக்கீங்கல்லா?"

"ஏன் இல்லாம?" அண்ணன் உள்ளே போய் ரசீது குத்தும் கம்பியைக் கொண்டுவந்தார். கடைக் கணக்குப்பிள்ளை ரசீதோடு ரசீதாகப் பதினெட்டு பிளாப்பியையும் நடுவில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்திருந்தார். "ஒண்ணுகூடத் தொலையல, பாத்துக்கிடுங்க."

வாஞ்சிநாதன் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதையும் குடித்தார். "ஓட்டை விழுந்த தட்டை இனிப் படிக்க முடியாது. பேரேடு இருக்குல்லா சார்? சரி, அதப் பாத்துத் திரும்ப ஏத்திக்கிடுங்க."

அடுத்த சண்டை வாசலுக்காக. பிரித்த பாகத்தில் ஒன்று சி, இன்னொன்று டி. பெட்டியைப் போட்டால் சி வழியாகத்தான் டி-க்குள் போக முடியும் என்றார் வாஞ்சிநாதன். சி அண்ணனுக்கு.

"அப்ப எனக்கு நடைபாதை உரிமை எழுதித் தரணும்" என்றார் தம்பி.

"எம் முத்தத்துக்குள்ள உனக்குப் பாதையா?"

"பின்ன, கூரையப் பிரிச்சா இறங்குவேன்?"

வெள்ளைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் மெதுவாக வாஞ்சிநாதனைக் கேட்டேன். "தம்பி, அழிச்சா என் நடைக் கணக்கும் போயிருமோ?"

"ஒரு எழுத்து மிஞ்சாது அண்ணாச்சி."

அழிந்த பிறகு கேட்டால், எந்தக் கணக்கு, எந்தக் கூலி என்பார்கள்.

இதற்குள் திரையில் கேள்வி வந்துவிட்டது. எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா? சம்மதம் என்றால் ஒய் என்ற எழுத்தை அமுக்க வேண்டும்.

"நீ அமுக்கு" என்றார் அண்ணன்.

"நாளைக்கு, எங் கணக்கெல்லாம் தம்பிதான் அழிச்சான்னு ஊரெல்லாம் சொல்லுததுக்கா? நீங்க அமுக்குங்க."

இருவரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாசுதேவநல்லூர்ல ஒருத்தருக்கு அமுக்கிக் குடுத்துட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனேன் சார். எனக்கு வேண்டாம்."

அண்ணன் யோசித்தார். "எல்லைக்கல்லைப் பங்காளி கை நடப்படாது. வெளியாள் கைதான் நடணும். ஏலே தளவாய், வா இங்கன!"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். வாஞ்சிநாதன் காட்டிய ஒய் கட்டைக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, அமுக்காமல் நின்றேன்.

"முதலாளி, கூலி?"

"முதல்ல அமுக்குலே."

"அமுக்குனா கணக்கு இருக்காதே. எதப் பாத்துத் தருவீங்க?"

"எங்க மேல நம்பிக்கை இல்லியோ?"

"உங்க ரெண்டு பேருக்குமே ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இல்ல. எனக்கு மட்டும் எங்கன இருந்து வரும்?"

வாஞ்சிநாதனுக்கு இருமல் வந்தது. "சீக்கிரம் சார், கரண்டு போயிரும். நான் அருவிக்கு வேற போகணும்."

"எவ்வளவுலே உனக்கு?" என்று அண்ணன் கேட்டு முடிக்கவில்லை. "நூத்தி நாப்பத்தி மூணே முக்கால்" என்று தம்பி சொன்னார். கேட்ட அண்ணனும் கூடவே சொன்னார். ஆக, இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

"சரிபாதி" என்றார் தம்பி. சரிபாதி என்றால் ஆளுக்கு எழுபத்தொரு ரூபாய் எண்பத்தேழரை பைசா. அரைப் பைசாவுக்கு எங்கே போக? ஆளுக்கு எழுபத்தொன்று எண்பத்தைந்தை எண்ணி மேஜையில் வைத்தார்கள். ஐந்து பைசா குறைந்தது.

"மூத்தவரு நீங்கதான் போடணும்."

"நடைபாதை வாங்குனவன் நீதான் போடணும்."

"அத அந்தத் தாள்ல எழுதலியே!"

லைட் ஒரு தரம் மங்கி எரிந்தது. நூற்று நாற்பத்து மூன்று ரூபாய் எழுபது பைசாவை அள்ளி மடியில் கட்டினேன். "ரெண்டு பேரும் விடுங்க. அந்த அஞ்சு பைசா எம் பங்கு" என்று சொல்லி, ஒய்யை அமுக்கினேன்.

பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. முப்பத்திரண்டு போனது, எட்டு போனது, அதோடு என் பாக்கியும் போனது.