பத்துப் பேர் ஜெயித்த ஷீல்டு

அப்பாவின் இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுத்தது. அல்போன்சா மூன்றாவது தடவையாக ஜெபமாலையை அந்தக் கைகளில் சுற்றிப் பார்த்தாள். மற்ற விரல்கள் இடம் கொடுத்தன. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து, யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது போல நின்றது.

"வுடு, அது அப்டித்தான்," என்றாள் அம்மா மௌரீன், பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "எழுவத்தொண்ணு ஃபைனல்ல கடைசி பந்தப் புடிக்கப் போய் ஒடஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு வாய்யான்னா, ஷீல்டோட ஊர்வலம் போனாரு. கட்டே போடல."

அல்போன்சா ஜெபமாலையை அந்த விரலிலேயே மாட்டித் தொங்கவிட்டாள். அது நன்றாகவே நின்றது.

முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, சிவாஜிநகரில் தான் காவல் பார்த்த துணிக்கடையின் வாசலில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அப்பா தாஸ் இறந்துபோயிருந்தார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. குடை வாங்க வந்த ஒரு அம்மாள் வழி கேட்டபோதுதான் தெரிந்தது. அறுபத்தோரு வயது.

அல்சூரின் அந்தச் சந்தில், வீட்டு வாசலில் ஷாமியானாப் பந்தல் போட்டு, வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம். பேண்டுக்காரர் இரண்டு தடவை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை கேட்டே விட்டார்.

"ம்மா, சந்து முனையில லெஃப்டா ரைட்டா? பசங்களுக்குச் சொல்லணும்."

வலது பக்கம் திரும்பினால் கடைத்தெரு, நேராகக் கல்லறை. இடது பக்கம் திரும்பினால் லேக்சைடு கிளப் மைதானம், சுற்றிக்கொண்டு கல்லறை. அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் ஷாமியானாவுக்குக் கீழே இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

லேக்சைடு கால்பந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஷீல்டு ஜெயித்த அணியில் ஆடியவர் யார் இறந்தாலும் பெட்டி மைதானத்துக்குள் போகும். அவர் எந்த இடத்தில் ஆடினாரோ அந்த இடத்தில் பெட்டியை வைப்பார்கள். அதே அணியில் உயிரோடு இருப்பவர்கள், தொந்தி விழுந்து முட்டி தேய்ந்து போயிருந்தாலும், அவரவர் பழைய இடத்தில் போய் நிற்பார்கள். கிளப் கொடியைப் பெட்டி மேல் விரிப்பார்கள். பிறகு ஒரு நீண்ட விசில். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. அந்த விசில் கேட்டால் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆனால் அதற்குக் கிளப்பில் இருக்கும் மரப்பலகையில் பெயர் இருக்க வேண்டும். 1971 என்று போட்டு, அதற்குக் கீழே பத்துப் பெயர்கள் இருந்தன. முதல் வரி, கோல்கீப்பர் வரி, காப்பி நிறப் பெயின்டால் மூடப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அல்போன்சாவைப் பார்த்து, "உங்க கிளப்புல பத்து பேர்தான் ஆடுனாங்களாமே, கோல்ல யார்டி நின்னது, பேயா?" என்று கேட்பார்கள். அழிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெயரை இவ்வளவு பேர் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றியதுண்டு.

அழித்த காரணம் பொய்யில்லை. எழுபத்து நாலாம் வருட லீக்கில், லேக்சைடு ஜெயிக்கும் என்று தாஸ் ஆறு ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டினார். கால்பந்துச் சங்கம் விசாரித்தது. ஆமாம், கட்டினேன் என்றார். ஆயுள் தடை. அதற்குப் பிறகு அவர் மைதானத்துக்குள் காலடி வைக்கவில்லை. சாயங்காலங்களில் மதில் சுவருக்கு வெளியே, கோலுக்குப் பின்னால் நிற்பார். சுவர் தாண்டி வரும் பந்தை எடுத்து ஒற்றைக் கையால் வீசுவார். அது சுவரைத் தாண்டி, நடுவட்டத்தில் போய் விழும். உள்ளே யாரும் நன்றி சொன்னதில்லை. வெளியே அவரும் எதிர்பார்த்ததில்லை.

"ஆயுள் தடைன்னா ஆயுளோட முடிஞ்சுதுப்பா," என்று ஷாமியானாவுக்குக் கீழே சேஷகிரி சொன்னார். போர்டு எழுதுகிறவர். எழுபத்தொன்று அணியின் லெஃப்ட் விங். பலகையில் பெயர்களை எழுதியதும் அவர்தான், ஒன்றை அழித்ததும் அவர்தான். "நேத்து ஆறு மணியிலேர்ந்து தாஸ் ஃப்ரீ. ரூல் படி பேசறேன்."

"நல்லா இருக்குதே உன் ரூலு," என்றார் பக்கத்தில் இருந்த கமிட்டிக்காரர் ஜெயராமன். "அப்போ மேட்ச் விக்கறவன் எல்லாம் செத்தா கொடி போத்திடலாமா? ஆடற பசங்களுக்கு என்னா சொல்லுவ? செத்துப் போ, சரியாப் பூடும்னா?"

"தாஸ் மேட்ச விக்கல."

"பந்தயம் கட்டுனானா இல்லியா?"

சேஷகிரி தலையைத் திருப்பினார். சந்துக்குள் ஆம்ப்ரோஸ் வந்துகொண்டிருந்தார்.

எழுபத்தொன்றில் கேப்டன், சென்டர் ஹாஃப். இப்போது கிளப் தலைவர். எல்லார் கண்ணும் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தன. ஒரு ரோஜா மாலை. வேறொன்றுமில்லை.

வீட்டுக்குள் வந்து மாலையைப் பெட்டி மேல் வைத்துவிட்டு அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வளைந்த அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார்.

"காலைல கமிட்டி கூடுச்சு மௌரீன். மூணு பேரு பண்ணலாம்னாங்க. மூணு பேரு வேணாம்னாங்க. எங்கிட்ட வந்து நிக்குது."

"கொடி எங்க?" என்று கேட்டாள் அல்போன்சா.

"கிளப்ல இருக்குதும்மா."

"எடுத்துட்டு வரலன்னா முடிவு பண்ணியாச்சுன்னுதானே அர்த்தம்? அத ஏன் மாலைக்குள்ள வெச்சு சொல்றீங்க?"

"அல்போன்சா," என்றாள் அம்மா.

"இரும்மா. இருவத்திநாலு வருஷமா இவரு செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னாரு. இன்னிக்கு ஒரு நாள் உள்ள போனா என்னா கொறஞ்சிடும் அவங்களுக்கு?"

ஆம்ப்ரோஸ் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு தடவ வெச்சான், நாம ஜெயிப்போம்னு. தப்புதான். அத நான் எப்பவோ மறந்துட்டேன். ஏழாவது மேட்ச்தான் எனக்கு ஆறல. அன்னிக்கு அவன் காசு வெக்கல. சிவாஜிநகர் பூரா மத்தியானமே தெரிஞ்சுபோச்சு. தாஸ் வெக்கல, அப்போ லேக்சைடு தோக்கப் போவுதுன்னு அத்தினி பேரும் எதிர்ல வெச்சான். மூணு கோல் உள்ள போச்சும்மா. அவனுக்கு முன்னாடி நின்னவன் நான். மூணும் புடிக்கிற பந்து. ஏன்டா வெக்கல, என்னா தெரியும் உனக்குன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. விசாரணையிலயும் அதயேதான் சொன்னான். ஆறு தடவ வெச்சேன், ஏழாவது வெக்கல. அவ்ளோதான். அந்த ஒரு நாளுக்கு பதில் வந்திருந்தா நானே கொடியப் புடிச்சிக்கினு வந்திருப்பேன்."

ஆறு ஆட்டங்களைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு இருந்தது. ஏழாவதைப் பற்றி அல்போன்சா கேட்டதே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். விசாரணையில் இருந்த அதே முகமாக இருக்க வேண்டும்.

மௌரீன் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, அந்த மேட்ச் என்னிக்கு?"

"ஆகஸ்ட் நாலு. எழுவத்திநாலு. ஞாயித்துக்கெழம. மறப்பேனா?"

"மத்தியானம் மேட்ச். காலைல எங்க இருந்தீங்க?"

"காலைல..." ஆம்ப்ரோஸ் நிறுத்தினார். அவர் பார்வை மெல்லத் திரும்பி அல்போன்சாவிடம் வந்து நின்றது. "கோயில்ல."

"கோயில்ல என்னா பண்ணீங்க?"

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய போட்டோ இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை ஒரு பெரிய மனிதன் பந்து போல மார்போடு அணைத்திருக்கிறான். அல்போன்சாவின் ஞானஸ்நானத்தன்று ஆம்ப்ரோஸ், அவளுடைய ஞானத்தகப்பன். அந்தப் போட்டோவுக்குப் பிறகு அவர் இந்த வீட்டுக்கு வந்தது இன்றைக்குத்தான்.

"நீங்க போட்டோவுக்கு நிக்க முன்னாடி வெளிய போனீங்க, கொழந்த எங்கிட்ட இருந்துச்சு," என்றாள் மௌரீன். "நான் இவர ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நிறுத்தினேன். கொழந்த தலமேல கை வெய்யி, இனிமே பந்து மேல காசு வெக்க மாட்டேன்னு சொல்லுன்னேன். சொன்னாரு. அன்னிக்கு மத்தியானமே அத காப்பாத்துனாரு. அதான் வெக்கல. மூணு கோல் போனது... கொழந்த நாலு நாளா ஜுரம், வூட்ல யாரும் கண்ண மூடல. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுண்ணா."

"இத ஏன் மௌரீன் அப்பவே சொல்லல?"

"சொல்லுன்னுதான் கெஞ்சுனேன். ஆறு தடவ வெச்சது நெஜம், அதுக்குத் தண்டன குடுத்தா வாங்கிக்கிறேன்னாரு. ஆனா ஏழாவதுக்குக் கொழந்த பேர இழுக்க மாட்டேன்னாரு. இந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்த நேரம், கிளப் தோத்துச்சு, அப்பன் போனான்னு அல்சூர் பூரா பேசுவான், அவ அதக் கேட்டே வளரணுமான்னாரு. எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. அது நேத்தோட முடிஞ்சுது."

வெளியே யாரோ நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது. அல்போன்சா கையை நீட்டி அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அவள் பிடித்துக்கொண்டதும் அந்த விரலைத்தான். வளைந்திருந்ததால் பிடிக்க வாகாக இருக்கும்.

ஆம்ப்ரோஸ் எழுந்தார். பெட்டியின் விளிம்பை ஒரு தடவை தட்டினார், கோல் உதை எடுக்கும் முன் கம்பத்தைத் தட்டுவது போல. வாசலுக்குப் போனார்.

"சார், லெஃப்டா ரைட்டா?" என்றார் பேண்டுக்காரர்.

"லெஃப்ட்."

ஷாமியானா முழுக்க எழுந்து நின்றது.

"சேஷகிரி, பெயின்ட் இருக்குதா?"

"காலைலயே பையில போட்டுக்கினுதான் வந்தேன். நீ கேக்கலன்னா உன் மூஞ்சில அடிச்சிருப்பேன்."

"ஒரு நிமிஷம் ஆம்ப்ரோஸ்," என்றார் ஜெயராமன். குரலில் பகை இல்லை, கவலைதான் இருந்தது. "கொடி போடு, நானும் தூக்கறேன். பலகையில எழுதறதுதான்... நாளைக்கு ஆடற பசங்க கேட்டா என்னா சொல்றது?"

அல்போன்சா வாசற்படிக்கு வந்திருந்தாள்.

"நடந்ததச் சொல்லுங்க. பேரு எழுதி, பக்கத்துலயே அதையும் எழுதுங்க. எழுவத்திநாலுல பந்தயம் கட்டினதுக்குத் தடைன்னு. எங்கப்பா ஒத்துக்கிட்டாரு. பெயின்ட் அடிச்சு மறைச்சது நீங்கதான்."

ஜெயராமன் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டி தூக்க உள்ளே போனார்.

சந்து முனையில் பேண்டு இடது பக்கம் திரும்பியபோது, கடைவாசல்களில் நின்றவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கறிக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு வந்தார். டெய்லர் கழுத்தில் அளவுநாடாவோடு வந்தார். மதிலை ஒட்டிப் போகும்போது, தாஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில் புல் முளைக்காத ஒரு வட்டம் இருந்தது. பெட்டி அதைக் கடந்து, கேட் வழியாக உள்ளே போனது.

பயிற்சியில் இருந்த பையன்கள் ஒதுங்கினார்கள். கோலில் நின்ற பிரசன்னா கையுறைகளைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். கோல் கோட்டின் நடுவில் பெட்டி இறங்கியது. நீலக்கொடியை விரித்தார்கள். அந்த அணியில் உயிரோடு மிச்சமிருந்த ஐந்து பேர் மைதானத்துக்குள் நடந்தார்கள். ஒருவர் கைத்தடியோடு ரைட் பேக்கில். சேஷகிரி பெயின்ட் பையை வராந்தாவில் வைத்துவிட்டு, இடதுகோடிக்கு ஓடியே போனார். ஆம்ப்ரோஸ் கோலுக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டி நின்றார். பின்னால் கோலில் ஆள் இருக்கிறான் என்று நம்புகிறவன் நிற்கும் விதத்தில்.

விசிலை அவரே ஊதினார். மூச்சு முடியும்வரை ஊதினார். அது நின்றதும் வழக்கப்படி அமைதியாக இருக்க வேண்டும். ஆனால் மதிலுக்கு வெளியே யாரோ கை தட்டினார்கள். அது சுவர் ஏறி உள்ளே வந்தது. பிறகு மைதானம் முழுக்கத் தட்டியது, ஒரு பெரிய மழை தகரக் கூரை மேல் விழுவது போல. யாரும் யாரையும் அடக்கவில்லை.

வராந்தாவில் பலகையை இறக்கி வைத்து சேஷகிரி எழுதினார். காப்பி நிறத்துக்குக் கீழே பழைய எழுத்துகளின் மேடு இன்னும் தட்டுப்பட்டது. அதன் மேலேயே தூரிகையை ஓட்டினார். பெயர், கோல்கீப்பர், பிறகு சின்ன எழுத்தில் தடையும் அதன் வருடமும். மௌரீனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவள் குனிந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினாள்.

"ஈரம்மா, ஈரம்," என்றார் சேஷகிரி.

"பதினொண்ணு," என்றாள் அவள்.

கல்லறையில் சாமியார் ஜெபத்தை முடித்தார். முதல் பிடி மண்ணை மௌரீன் எடுத்தாள். அவள் கையை நீட்டியபோது, ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளைப் பெயின்ட் காயாமல் இருப்பதை அல்போன்சா பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை.