ஜாக்கி ஜோடி

2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானில் மருந்துக்கும் மேகமில்லை. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று உப்பையும் புழுதியையும் ஒருசேர அள்ளி வந்தது. முற்பகல் பதினொரு மணிக்கெல்லாம் தோணியின் மேல்தளத்தில் வெறுங்கால் வைக்க இயலவில்லை.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் அத்தோணி மாலத்தீவுக்குப் புறப்படக் காத்திருந்தது. செங்கல்லும் வெங்காயமும் ஏற்றியாயிற்று. பருவத்தின் முதல் பயணம். மறுநாள் விடிந்ததும் கிளம்பவேண்டும். தோணியின் தலைவரான தண்டல் வேதமணியின் கீழ் வேலையாட்கள் எண்மர். பயணத்துக்கு எழுவர் போதும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒருவர் கரையில் தங்கலாம். அந்த ஒருவரைச் சீட்டே தேர்ந்தெடுக்கும். முன்பெல்லாம் பெயர் எழுதிக் குலுக்குவார்கள். மாலத்தீவின் தலைநகரான மாலியில் சரக்கிறக்கக் காத்துக் கிடந்த நாட்களில் இனிகோ போக்கர் ஆட்டத்தைக் கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தான். அதன்பின் போக்கரே வழக்கமாயிற்று. காசு வைக்கத் தண்டல் விடமாட்டார். ஆளுக்கு இருபது சிப்பி; எவனிடம் கடைசியில் எல்லாச் சிப்பியும் சேர்கின்றதோ, அவனுக்குக் கரை.

இனிகோவுக்கு அன்று கரை வேண்டியிருந்தது. அவன் மனைவி பிரேமாவுக்கு எட்டாம் மாதம். முந்தின நாள் மருத்துவர் இரத்த அழுத்தக் கருவியை அவள் கையிலிருந்து கழற்றியவாறே, "பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பயப்படுற மாதிரி இல்ல. ஆனாலும் வீட்ல ஆள் இருந்தா நல்லது. தலைவலி வந்தா உடனே வந்துரணும்" என்றார்.

அச்சொற்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இனிகோவுக்கு விளங்கவில்லை. நிலைமை மோசம் என்று சொல்லியிருந்தால், நேரே தண்டலிடம் போய் நின்றிருப்பான். நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், சீட்டியடித்துக்கொண்டு தோணி ஏறியிருப்பான். இதுவோ இரண்டுக்கும் நடுவில் நின்றது.

நண்பன் நேசக்குமாரிடம் ஒரு வார்த்தை சொல்லலாமா என்றும் எண்ணினான். ஆயினும், 'தேவையுள்ளவன் என்று தெரிந்துவிட்டால் எதிராளி பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவான். முகத்தில் எதையும் காட்டாதே' என்று மற்றவர்களுக்குப் பாடம் சொன்னவன் அவன்தான். ஆட்டத்தில் வென்றுவிட்டால் எவரிடமும் எதையும் கேட்கவேண்டியதில்லை. ஆதலால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரத்தில் அறுவர் சிப்பியிழந்து எழுந்தனர். எஞ்சியவர் இருவர். நேசக்குமாரிடம் தொண்ணூறு, இனிகோவிடம் எழுபது.

"ஏலே வாத்தியாரே, இந்தத் தடவ கரை எனக்குத்தாம்ல. மணப்பாட்டுக் கோயில் திருநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன்" என்றான் நேசக்குமார்.

"பேசாம சீட்டப் போடு மச்சான்."

இனிகோ தன் இரண்டு சீட்டுகளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தான். ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி: இரண்டும் ஒரே மதிப்பு, ஜோடி.

இத்தகைய கைகளே ஆட்டக்காரனை அலைக்கழிப்பவை. ஆஸ் ஜோடி வந்தால் யோசனைக்கு இடமில்லை. இரண்டும் ஏழும் வந்தால் வருத்தமின்றிக் கீழே வைத்துவிடலாம். ஜாக்கி ஜோடியோ விட மனம் வராத அளவுக்குப் பெரியது, நம்பி இறங்க முடியாத அளவுக்குச் சிறியது. இனிகோ பத்துச் சிப்பி வைத்தான். நேசக்குமாரும் பத்து வைத்தான். பொதுவில் மூன்று சீட்டுகள் விரிக்கப்பட்டன: ஏழு, நான்கு, ராணி.

ராணி ஜாக்கியைவிடப் பெரியது. நேசக்குமார் தலையைச் சொறிந்தான். பிறகு முப்பது சிப்பியை இரு கைகளாலும் அள்ளி நடுவில் தள்ளினான்.

"என்னல, மலைச்சுப் போய் இருக்க? போடுதியா, எந்திரிக்கியா?"

அவனிடம் ராணி இருந்தால் ஜாக்கிகள் தோற்கும். இல்லையென்றால் இந்த ஓர் ஆட்டமே கரையைக் கொண்டுவந்து சேர்க்கும். கையில் இன்னும் அறுபது இருக்கிறது. இதைவிடத் தெளிவான கை ஒன்று வராமலா போகும்? இவ்வாறு தன்னைத் தேற்றிக்கொண்டு, இனிகோ அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துத் தன் சீட்டுகளைக் கவிழ்த்தே கீழே வைத்தான். கவிழ்த்த சீட்டை எவரும் கேட்பதில்லை என்பது அங்கே முறை.

நேசக்குமார் மட்டும் தன் சீட்டுகளை மலர்த்திக் காட்டினான். ஓர் ஆஸ், ஓர் ஒன்பது. ராணியும் இல்லை, ஜோடியும் இல்லை.

"சும்மா மிரட்டுனேம்ல! நீ சொல்லித் தந்ததுதான!"

சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தனர். வேதமணியும் சிரித்துவிட்டு, "குருவையே கவுத்துட்டானே" என்றார். இனிகோவும் சிரித்தான். அதற்குப்பின் அவன் கைக்கு உறுதி இல்லாமற் போயிற்று. வைக்கவேண்டிய இடத்தில் பின்வாங்கினான். சிப்பிகள் பத்தும் பதினைந்துமாகக் கரைந்தன. ஈற்றில் ராஜாவும் ராணியும் வந்தபோது, இனிப் பொறுப்பதில்லை என்று இருந்ததையெல்லாம் வைத்தான். நேசக்குமாரிடம் இருந்த சின்ன ஜோடி ஒன்று அதையும் வாரிக்கொண்டது.

சிப்பிகளைப் பையில் போட்டுக் கட்டும்போது நேசக்குமார் அவன் முகத்தை உற்று நோக்கினான்.

"வீட்ல ஒண்ணும் இல்லியேலே? மூஞ்சி வாடிக் கெடக்கு."

"ஒண்ணுமில்ல மச்சான். வெயிலு."

அன்று மாலை வீட்டில் பிரேமா கட்டிலில் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

"ஏங்க, சீட்டு விழலியோ?"

"நல்ல சீட்டுதான் வந்துச்சு. நாந்தான் விட்டுட்டேன்."

"சரி, போயிட்டு வாங்க. எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன். பக்கத்து வீட்ல செல்வராணியக்கா இருக்காவ."

மறுநாள் காலை தோணி புறப்பட்டது. கரை மறைந்தது, அலைபேசியில் சிக்னல் கோடுகளும் மறைந்தன. மூன்று நாட்கள் கடல் அமைதியாகவே இருந்தது. இனிகோ தனக்குரிய வேலைகளை ஒன்றுவிடாமல் செய்தான். படுக்கும்போது மட்டும் அந்தக் கவிழ்ந்த ஜாக்கிகள் கண்ணுக்குள் வந்தன.

பதினான்காம் நாள் மாலை நான்கு மணியளவில் மாலியின் கட்டடங்கள் தெரிந்தன. அலைபேசி உயிர் பெற்று, நிறுத்தாமல் அதிர்ந்தது. தவறிய அழைப்புகள் இருபத்தாறு, எல்லாம் நேசக்குமாருடையவை.

இனிகோ அழைத்ததும், முதல் மணியிலேயே நேசக்குமார் எடுத்தான்.

"இனிகோ... பிரேமா இருக்கால. பயப்படாத. இப்பத்தான் கண்ணத் தொறந்தா. உன்னத்தான் கேட்டா."

"பிள்ள?"

மறுமுனையில் பெரியாஸ்பத்திரி வளாகத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பொம்பளப் பிள்ளல. நேத்து ராத்திரியே தலைவலி வந்துருக்கு. யாரையும் எழுப்ப வேண்டாம்னு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துருக்கா. காலையில செல்வராணியக்கா போய்ப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டாவ. நான் மணப்பாட்டுக் கோயில்ல பூசையில நிக்கேன். அப்படியே கெளம்பி ஓடியாந்தேன். அதுக்குள்ள பிள்ள போயிட்டுல..."

இனிகோ பாய்மரக் கயிற்றைப் பற்றிக்கொண்டான்.

"நீ ஏம்ல சொல்லல?" நேசக்குமாரின் குரல் உடைந்தது. "நான் பிள்ளைகளுக்குப் பலூன் வாங்கிக் குடுக்கக் கரை கேட்டவம்ல. ஒரே ஒரு வார்த்த சொல்லிருந்தா சீட்டத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு நான் ஏறிருப்பேம்லா. அன்னைக்கு வாய்விட்டுக் கேட்டேனே, ஒண்ணும் இல்லியேலேன்னு?"

"சொன்னா... நீ ஏத்துவேன்னு நெனச்சேன் மச்சான்."

நேசக்குமார் அழுதான். அவன் அழுது இனிகோ அதுவரை கேட்டதில்லை. தண்டல் வேதமணி அருகில் வந்து, இனிகோவின் தோளில் கைவைத்து நின்றார். படகுகள் பக்கத்தில் வந்து, வெங்காய மூட்டைகளைக் கேட்டுக் கூவத் தொடங்கின.

இனிகோ கேட்டான்.

"எத்தன மணிக்கு?"

நேசக்குமார் மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தான். முற்பகல் பத்து மணி ஐம்பது நிமிடம்.