பதினொரு தடவை நிறுத்தியவர்

சுரங்கத்தின் கூரைப் பாறையைத் தட்டிப் பார்த்து, ஆட்கள் உள்ளே போகலாமா என்று சொல்வதுதான் மேஸ்திரியின் வேலை. முப்பது வருட சேவைக்காக அன்று அவரை மேடைக்கு அழைத்திருந்தார்கள். அவருடைய மனைவி முன்வரிசையில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "இத்தனை வருஷத்துல இவரால ஒரு நாள்கூட வேலை நின்னதில்லை."

கைதட்டல் அடங்கியதும் மேஸ்திரி மைக்கை வாங்கினார்.

"யாரோ தப்பா எழுதிக் கொடுத்திருக்காங்க சார். பதினொரு தடவை நிறுத்தியிருக்கேன்."

"இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதா!" என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

"தட்டினா பாறை கணீர்னு கேக்கணும். டொக்குனு கேட்டா உள்ள விரிசல் இருக்குன்னு அர்த்தம். மூணாவது தடவை நான் வழியை மறிச்சப்போ, புதுசா வந்த இன்ஜினியர் ஒருத்தர் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சார். நான் நகரலை. ஒரு மணி நேரத்துல கூரை மொத்தமா இறங்கிடுச்சு."

மேனேஜர் சிரித்துவிட்டார். "குதிச்சது நான்தான். அன்னிக்கு இவர் வழி விட்டிருந்தா, இன்னிக்கு இந்த மேடையில நான் இல்லை."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துத் திருத்தி, மறுபடி உரக்க வாசித்தார். பின்வரிசைத் தொழிலாளர்கள்தான் முதலில் எழுந்தார்கள். பிறகு அரங்கமே எழுந்து கைதட்டியது.

கேடயத்தைக் கொடுக்கும்போது மேனேஜர் குனிந்து கேட்டார்: "பன்னிரண்டாவது தடவை வராதே?"

"நாளைக்குக் காலையில தட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்."